பால்வினை நோயாக இருக்குமோ? எந்த அறிகுறிக்கு எந்த டெஸ்ட், எத்தனை நாளில்: குமரி மாவட்டத்தினருக்கான கேள்வி பதில்கள்

அந்தரங்க உறுப்பில் ஒரு புண்ணோ எரிச்சலோ அரிப்போ வந்தால் நம் மாவட்டத்தில் பலரும் முதலில் போவது மெடிக்கல் ஸ்டோருக்கு. அதற்கும் கூச்சமாக இருந்தால் போனில் தேடிப் பார்ப்பார்கள். டாக்டரிடம் போவது கடைசியில்தான். இடையில் வீணாகும் அந்த வாரங்களில், ஒரு ஊசியில் முடிய வேண்டியது சிக்கலாகிவிடுகிறது. அதனால் கீழே பல இடங்களில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: உறவு நடந்த தேதியைக் குறித்து வையுங்கள், அந்தத் தேதியிலிருந்து கணக்குப் போட்டு டெஸ்ட் எடுங்கள், அதற்கு முன் கையில் கிடைத்த மாத்திரையை விழுங்காதீர்கள்.

நேற்று முன்தினம் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். இன்றைக்கே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாமா?

இன்று எடுக்கும் டெஸ்ட், அந்த உறவுக்கு முன்பே உங்கள் உடம்பில் ஏதாவது இருந்ததா என்பதை மட்டும்தான் சொல்லும். நேற்று முன்தினம் எதுவும் தொற்றியதா என்று அதில் தெரியாது. விதைத்த மறுநாளே முளையைத் தேடுவது மாதிரிதான்.

ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு இருந்த உறவு என்றால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். 'பெப்' என்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 72 மணி நேரம் தாண்டிவிட்டால் அதனால் பயன் இல்லை. ஆகவே விடியட்டும், திங்கட்கிழமை ஆகட்டும் என்று தள்ளிப்போடாமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் போய்க் கேளுங்கள். தனியார் டாக்டரும் எழுதித் தரலாம். எல்லா உறவுக்கும் இது தேவைப்படாது, நடந்ததைக் கேட்டு டாக்டர் முடிவு செய்வார். அவரிடம் கூசாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நடந்தது உங்கள் சம்மதத்தோடு இல்லை என்றால், அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனடி சிகிச்சையை இலவசமாகத் தந்தே ஆக வேண்டும். முதலில் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. பெண்கள் 181 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

சரி, எந்த நோய் எத்தனை நாளில் டெஸ்டில் தெரியும்?

வெட்டை நோய் என்று ஊரில் சொல்லும் கொனோரியா, ஆண்களுக்கு வந்தால் பெரும்பாலும் 2 முதல் 7 நாளுக்குள் சீழும் எரிச்சலும் காட்டிவிடும். கிளமிடியா அதைவிட மெதுவாக வரும், ஒன்று முதல் மூன்று வாரம். பலருக்கு எதுவுமே காட்டாது. இரண்டுக்கும் யூரினில் அல்லது உள்ளே பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியில் 'நாட்' அல்லது பி.சி.ஆர். என்ற டெஸ்ட் இருக்கிறது. அறிகுறி இல்லாதவர்கள் உறவு நடந்து இரண்டு வாரம் கழித்து எடுத்தால் நம்பலாம். அறிகுறி இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை, உடனே போகலாம்.

சிபிலிஸ் என்னும் மேகப்புண்ணுக்கு ரத்த டெஸ்ட்தான். வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்பது ஒன்று, டி.பி.எச்.ஏ. இன்னொன்று. ஆறு வாரத்தில் ஒரு முறையும் மூன்று மாதத்தில் ஒரு முறையும் பார்த்தால் சந்தேகம் தீரும்.

எச்.ஐ.வி.க்கு நீங்கள் எடுக்கும் டெஸ்டைப் பொறுத்து நாள் மாறும். லேபில் ரத்தக் குழாயிலிருந்து எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாளில் வரும் நெகட்டிவை நம்பலாம். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் ரேபிட் டெஸ்டுக்கு 90 நாள் ஆக வேண்டும். பெப் மருந்து சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு மருந்து முடிந்த நாளிலிருந்து தொடங்கும்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-யும் உறவு வழியாகப் பரவும். மூன்று மாதத்தில் எடுக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம். தடுப்பூசி போடாதவர்கள் என்றால் டெஸ்டோடு நிறுத்தாமல் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம்.

ஆக, ஜனவரி 1-ந்தேதி நடந்தது என்றால் ஜனவரி 15-க்கு மேல் யூரின், பிப்ரவரி 15-ஐ ஒட்டி எச்.ஐ.வி.யும் சிபிலிஸும், ஏப்ரல் முதல் வாரத்தில் கடைசியாக ஒரு முறை. நடுவில் புதிதாக ஆபத்தான உறவு எதுவும் இல்லாவிட்டால் அதோடு விட்டுவிடலாம்.

மூத்திரம் போகும்போது எரிகிறது. இது சூடா, நோயா?

இரண்டும் இருக்கலாம், மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம். வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மூத்திரம் கடுத்து எரியும். இளநீரும் மோரும் உள்ளே போனால் அது அடங்கும். ஆனால் கிளமிடியா எரிச்சலும் இளநீர் குடித்தால் கொஞ்சம் அடங்கும், ஏனென்றால் மூத்திரம் நீர்த்துப்போகிறது. எரிச்சல் குறைந்ததை நம்பி நோய் போய்விட்டது என்று இருந்துவிடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. காலையில் எழுந்ததும், மூத்திரம் போவதற்கு முன், குறியின் நுனியில் ஈரமோ பசையோ தெரிகிறதா? உள்ளாடையில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கறை இருக்கிறதா? அப்படி இருந்தால் பால்வினை நோய் என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. அடிக்கடி மூத்திரம் முட்டுகிறது, அடிவயிறு வலிக்கிறது, குளிர்காய்ச்சல் வருகிறது என்றால் சாதாரண சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். பெண்களுக்கு இது மிகவும் சகஜம். இடுப்பிலிருந்து கவட்டை நோக்கி இறங்கும் வலி என்றால் கல்லாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, யூரின் கொடுக்கும் முறை. சிறுநீர்த் தொற்றுக்கான கல்ச்சருக்கு நடுவில் வரும் மூத்திரத்தைப் பிடிக்கச் சொல்வார்கள். கொனோரியா, கிளமிடியாவுக்கு அது நேர்மாறு: ஒரு மணி நேரமாவது மூத்திரம் போகாமல் இருந்து, முதலில் வரும் கொஞ்சத்தை மட்டும் பிடித்துக் கொடுக்க வேண்டும். கிருமி அந்த முதல் சொட்டுகளில்தான் கழுவி வரும். லேபில் வாசலிலேயே பாத்ரூம் போய்விட்டு அப்புறம் டப்பாவை வாங்கினால், இருக்கும் நோயும் டெஸ்டில் தப்பிவிடலாம்.

மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு மாத்திரை சாப்பிட்டேன். சரியாகிவிட்டது. இனி டெஸ்ட் எதற்கு?

"அண்ணா, மூத்திரம் எரியுது, ஒரு மாத்திர தாருங்க" என்று கேட்டால் இரண்டு நாளைக்கு ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் கையில் வந்துவிடுகிறது. பல வருஷமாக இப்படி விழுங்கியதன் விளைவு, கொனோரியா கிருமி பழைய மருந்துகள் பலவற்றுக்குப் பழகிவிட்டது. ஒரு காலத்தில் எல்லோரும் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் இன்றைக்கு நம் நாட்டில் அதற்குப் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. சீழ் குறையும், கிருமி உள்ளே இருக்கும். அந்த நேரத்தில் டெஸ்ட் எடுத்தால் தவறாக நெகட்டிவ் வரவும் வாய்ப்பு உண்டு.

இதுவே அரசு மருத்துவமனையில் என்றால், அறிகுறியைப் பார்த்து அன்றைக்கே முழு டோஸ் மருந்து தருவார்கள். இதற்கென்று ஏழு நிறத்தில் மருந்துப் பெட்டிகள் உண்டு. சீழ் வடிதலுக்குச் சாம்பல் நிறம், அக்கி மாதிரி கொப்புளத்துக்குச் சிவப்பு என்று நோய்க்குறிக்கு ஏற்பப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. மெடிக்கல் ஸ்டோரில் பாதி மருந்துக்குக் காசு கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

குறியில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறிவிட்டது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் இருக்கும் கேள்விகளிலேயே நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

சிபிலிஸ் முதலில் வருவது இப்படித்தான். உறவு நடந்து சுமார் மூன்று வாரத்தில், சிலருக்கு 9 நாளிலும் சிலருக்கு 90 நாளிலும், ஒரே ஒரு புண் வரும். வட்டமாக இருக்கும். தொட்டுப் பார்த்தால் விளிம்பு கெட்டியாக இருக்கும். நடுவில் சீழ் இருக்காது, சுத்தமாகச் சிவந்து கிடக்கும். வலிக்காது. கவட்டில் நெறி கட்டியிருக்கலாம், அதுவும் வலிக்காது. பெண்களுக்குக் கருப்பை வாயில் வந்தால் கண்ணிலேயே படாது. வாய்வழி உறவில் உதட்டிலோ நாக்கிலோகூட வரும். மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் அது ஆறிவிடும். மஞ்சள் அரைத்துப் பூசியவர் மஞ்சளால் ஆறியது என்பார், ஆயின்மென்ட் போட்டவர் ஆயின்மென்டால் ஆறியது என்பார். புண் ஆறியதே தவிர, கிருமி ரத்தத்துக்குள் போயிருக்கும்.

பிறகு சில வாரம், சில மாதம் கழித்து உடம்பில் அரிக்காத தடிப்புகள் வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புநிறப் புள்ளிகள் வந்தால் உடனே இதை நினைக்க வேண்டும், ஏனென்றால் சாதாரண அலர்ஜி அந்த இடங்களில் அவ்வளவாக வருவதில்லை. முடி அங்கங்கே திட்டுத் திட்டாக உதிரலாம். அதுவும் தானாகப் போய்விடும். அதன் பிறகு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து மூளையையும் இதயத்தையும் கண்ணையும் தாக்க முடியும். கர்ப்பிணிக்கு இருந்தால் பிள்ளைக்கும் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி.யோடு சிபிலிஸ் டெஸ்டும் எடுப்பது அதற்காகத்தான்.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை பென்சத்தீன் பென்சிலின், 24 லட்சம் யூனிட், ஒரே வேளை. இடுப்பில் போடுவார்கள், நன்றாகவே வலிக்கும். அன்று ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். கிருமிகள் சாவதால் வருவது அது, மறுநாள் போய்விடும். பென்சிலின் அலர்ஜி உண்டு என்றால் முதலிலேயே சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது.

புண் புதிதாக இருக்கும்போது வி.டி.ஆர்.எல். நெகட்டிவ் வந்தால் நிம்மதியாகிவிட வேண்டாம். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

சின்னச் சின்னக் கொப்புளங்களாக வந்து உடைந்து புண்ணாகி, தாங்க முடியாத வலி. இது என்ன?

ஹெர்ப்பிஸாக இருக்கலாம். உறவு நடந்து 2 முதல் 12 நாளில் வரும். முதல் முறை வலி அதிகம், அடுத்தடுத்து வரும்போது குறையும். வைரஸ் உடம்பை விட்டு முழுவதுமாகப் போகாது, ஆனால் அசைக்ளோவிர் மாத்திரை நன்றாகக் கட்டுப்படுத்தும். இதற்கு ரத்த டெஸ்ட் எடுத்துக் குழம்ப வேண்டாம். உதட்டில் வரும் காய்ச்சல் கொப்புளமும் இதே குடும்பத்து வைரஸ்தான் என்பதால் நிறையப் பேருக்கு ரத்தத்தில் பாசிட்டிவ் காட்டும், எந்த இடத்தில் எப்போது வந்தது என்று அது சொல்லாது. கொப்புளம் புதிதாக இருக்கும்போதே டாக்டரிடம் காட்டுவதுதான் வழி. புண் காய்ந்த பிறகு போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

குறியின் விளிம்பைச் சுற்றி முத்து முத்தாக மேடுகள். தொடை இடுக்கில் அரிப்பும் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

ஒரே அளவில், ஒரே வரிசையில், பல வருஷமாக அப்படியே இருக்கும் முத்துகள் இயற்கையானவை. மஞ்சள் நிறத்தில் மணல் மாதிரித் தெரியும் புள்ளிகளும் வெறும் எண்ணெய்ச் சுரப்பிகள். இதுவரை உற்றுப் பார்க்காத ஒருவர் பயம் வந்த பிறகு டார்ச் அடித்துப் பார்க்கிறார், அப்போதுதான் இதெல்லாம் கண்ணில் படுகிறது. பூக்கோசு மாதிரி வளர்ந்துகொண்டே போகும் மருக்கள் என்றால் வேறு, அது எச்.பி.வி. வைரஸாக இருக்கலாம், வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகும், டாக்டர் பார்த்தே சொல்லிவிடுவார்.

தொடை இடுக்கு அரிப்பு நம் ஊரில் பெரும்பாலும் படர்தாமரை. மழையும் புழுக்கமுமாக இருக்கும் மாவட்டம், ஈரத்தோடு ஜீன்ஸ் போட்டுப் பைக் ஓட்டினால் வராமல் என்ன செய்யும்? இதற்குக் கடையில் விற்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் போட்டால் இரண்டு நாள் அரிப்பு அடங்கி, பிறகு இரண்டு மடங்காகப் பரவும். தயவுசெய்து போடாதீர்கள். ராத்திரியில் அரிப்பு அதிகமாகி, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் சொறியாக இருக்கலாம். முன்தோல் அடிக்கடி வெடித்து வெள்ளை படிகிறது என்றால் சர்க்கரை பார்க்க வேண்டும். அந்த டெஸ்டில்தான் தனக்குச் சர்க்கரை இருப்பதே சிலருக்குத் தெரியவருகிறது.

நான் ஒரு பெண். வெள்ளைப்படுதல் இருக்கிறது. கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். யாரிடம் கேட்பது?

மாதவிலக்குக்கு நடுவில் வழுவழுப்பாக, நாற்றமில்லாமல் வருவது இயல்பானது. அதற்கு மருந்தே வேண்டாம். தயிர் மாதிரித் திரிந்து அரிப்போடு வருவது பெரும்பாலும் பூஞ்சை. மீன் கவிச்சி அடிக்கும் சாம்பல் நிறக் கசிவு, உள்ளே இருக்கும் நல்ல கிருமிகளின் அளவு மாறியதால் வருவது. இவை இரண்டும் கணவரோ நீங்களோ தவறு செய்ததற்கு அடையாளம் இல்லை. நுரைத்து, பச்சை கலந்த மஞ்சளாக, அரிப்போடு வந்தால் ட்ரைக்கோமோனாஸ் இருக்கலாம், அது உறவில் பரவுவது, கணவருக்கும் சேர்த்து மருந்து தர வேண்டும்.

பெண்களுக்குப் பெரிய தொந்தரவு, கொனோரியாவும் கிளமிடியாவும் எந்தச் சத்தமும் இல்லாமல் கருக்குழாய் வரை ஏறிவிடுவதுதான். குழந்தை தங்காமல் போவதற்கும், கருக்குழாயில் கரு தங்குவதற்கும் அது ஒரு காரணம். உறவின்போது அடிவயிற்றில் வலி, உறவுக்குப் பிறகு ரத்தக்கசிவு, விலக்குக்கு நடுவில் ரத்தம், இவை எதுவும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலோ, நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மகப்பேறு மருத்துவரிடம் போனால் யாரும் எதுவும் நினைக்கப் போவதில்லை. "வெள்ளைப்படுதலுக்குப் பார்க்க வந்தேன்" என்று சொன்னால் போதும், உள்ளே டாக்டரிடம் மீதியைச் சொல்லலாம். கணவர் ஊருக்கு வந்துபோன பிறகு இது தொடங்கியது என்றால் அதையும் சொல்லுங்கள். அது அவரைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. உங்கள் உடம்புக்குச் சரியான மருந்து கிடைக்க அந்தத் தகவல் வேண்டும்.

எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. அப்படியானால் நோய் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலானோருக்கும், ஆண்களில் பாதிப்பேர் வரைக்கும் அறிகுறியே இருக்காது. எச்.ஐ.வி. வருஷக்கணக்கில் எதையும் காட்டாமல் இருக்கும். ஆபத்தான உறவு நடந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உறவு நடந்து மூன்றாவது வாரம் காய்ச்சல், தொண்டை வலி. எச்.ஐ.வி.தானா?

எச்.ஐ.வி. புதிதாகத் தொற்றியவர்களில் பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு, நெறி கட்டுதல் வருவது உண்மை. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் அதே அறிகுறிதான் என்பதும் உண்மை. காய்ச்சலை வைத்து யாராலும் சொல்ல முடியாது. காய்ச்சலுக்கு டாக்டரைப் பாருங்கள், உறவு நடந்ததையும் சொல்லுங்கள், 45-வது நாள் டெஸ்டை விடாதீர்கள்.

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு பால்வினை நோய் என்றாலே எய்ட்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பயத்தில் எச்.ஐ.வி. டெஸ்ட் மட்டும் எடுத்து, நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகி, சிபிலிஸையும் கிளமிடியாவையும் மறந்துவிடுகிறார்கள். சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

எங்கே போவது? ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால்?

ஆசாரிபள்ளத்தில் தோல் நோய்ப் பிரிவிலேயே காட்டலாம். ஓ.பி. சீட்டு வாங்கி அங்கே வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள்: முகப்பரு வந்த கல்லூரிப் பெண், சொறி வந்த பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் அம்மா, காலில் படையோடு ஒரு பெரியவர். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று யாருக்குத் தெரியும்? கேட்டால் படர்தாமரை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. டெஸ்டுக்கு இருக்கும் இடத்தின் பெயர் நம்பிக்கை மையம். பால்வினை நோய் சிகிச்சைப் பிரிவுக்குச் சுகவாழ்வு மையம் என்று பெயர். ஆசாரிபள்ளம் தூரம் என்றால் தக்கலை, குழித்துறை, குளச்சல் அரசு மருத்துவமனைகளில் எந்த வசதி எந்த நேரத்தில் உண்டு என்று 1097-ல் கேட்டுக்கொள்ளலாம். அது எச்.ஐ.வி., பால்வினை நோய்களுக்கான தேசிய இலவச உதவி எண், பெயர் சொல்லாமலே பேசலாம்.

சொந்த மாவட்டமே வேண்டாம் என்று களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்களும் உண்டு. அதில் தப்பே இல்லை. அங்கே நம்பிக்கை மையத்துக்கு 'ஜ்யோதிஸ்' என்றும், பால்வினை நோய்ப் பிரிவுக்குப் 'புலரி' என்றும் பலகை இருக்கும்.

நம்பிக்கை மையத்தில் என்ன கேட்பார்கள்? ரிசல்ட் வீட்டுக்குத் தெரியுமா?

முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். எப்போது நடந்தது, ஆணுறை போட்டீர்களா என்று கேட்பார். யாருடன் என்ற பெயர் அவருக்குத் தேவையில்லை. உங்கள் சம்மதம் வாங்கித்தான் ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். ஒரு கிட்டில் பாசிட்டிவ் காட்டினால் அதோடு முடிவு சொல்ல மாட்டார்கள், வெவ்வேறு மூன்று கிட்டில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். ரிசல்டை உங்களிடம்தான் தருவார்கள். எச்.ஐ.வி. நிலையை உங்கள் சம்மதமின்றி வெளியிடுவதைப் பொதுவாக 2017-ல் வந்த சட்டம் தடுக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதையும் அதே சட்டம் தடுக்கிறது.

தனியார் லேபில் ஒரு பெரிய பேக்கேஜாக எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

பேக்கேஜில் ஹெர்ப்பிஸ் ரத்த டெஸ்ட் மாதிரித் தேவையில்லாதவை நுழைந்திருக்கும், கிளமிடியா யூரின் டெஸ்ட் இல்லாமலும் இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுங்கள். அந்தச் சீட்டு இல்லாமலே போகிறீர்கள் என்றால் எச்.ஐ.வி. நான்காம் தலைமுறை, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி, கொனோரியா, கிளமிடியா ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆணோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண் நான். டாக்டரிடம் இதைச் சொல்லணுமா?

சொன்னால்தான் சரியான இடத்தில் மாதிரி எடுப்பார். தொண்டையிலோ ஆசனவாயிலோ இருக்கும் கொனோரியா, யூரின் டெஸ்டில் தெரியாது. 2018 செப்டம்பர் 6-ந்தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றம் இல்லை. டாக்டர் முகம் சுளித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள், டெஸ்டை மட்டும் விடாதீர்கள்.

வாய்வழி உறவு மட்டும்தான். அதிலும் வருமா?

எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. கொனோரியா, சிபிலிஸ், ஹெர்ப்பிஸ் வரும்.

பொதுக் கழிவறை, திற்பரப்பு அருவியில் குளித்தது, சலூன், கொசு?

கழிவறையிலும் அருவியிலும் கொசுவிலும் வராது. சலூனில் ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள், அது ஹெபடைட்டிஸ் பி-க்காக.

மூன்று மாதம் கழித்தும் நெகட்டிவ். ஆனாலும் என்னால் நம்ப முடியவில்லை. தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது உங்களை வாட்டுவது கிருமி இல்லை, பயம். இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை, பயமும் ஒரு நோயளவுக்கு ஆளை உருக்கும். ராத்திரி தூக்கம் போய், மனைவியை நெருங்கப் பயந்து, பிள்ளைக்கு முத்தம் கொடுக்கக்கூட யோசித்து, வேறு வேறு லேபாக மாறி மாறி ரத்தம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நெகட்டிவும் சில நாள் நிம்மதி தரும், அப்புறம் "லேபில் மாறிப்போயிருந்தால்?" என்று தொடங்கும். அழுத்தி அழுத்திப் பார்த்ததாலேயே அந்த இடம் சிவந்து வலிக்கும், அதுவே புது அறிகுறியாகத் தெரியும்.

சரியான நாளில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்றால் அது நெகட்டிவ்தான். இன்னொரு டெஸ்ட் இந்தப் பயத்தைத் தீர்க்காது. பெரும்பாலும் உள்ளே குற்ற உணர்ச்சி இருக்கும், தண்டனை கிடைத்தே தீரும் என்று மனசு காத்துக்கொண்டிருக்கும். அதைப் பேசித்தான் இறக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், இலவசம். மனநல மருத்துவரிடம் போவது இதற்கும் பொருந்தும். சில வாரங்களில் தூக்கம் திரும்பும்.

பாசிட்டிவ் வந்துவிட்டால்?

கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், ட்ரைக்கோமோனாஸ் நான்கும் மருந்தில் குணமாகும். ஒரே வேளை மருந்து என்றால் அதன் பிறகும் ஏழு நாள், பல நாள் மாத்திரை என்றால் அது முடியும் வரைக்கும் உறவு வேண்டாம். துணைக்கும் சிகிச்சை முடிய வேண்டும், இல்லாவிட்டால் அவரிடமிருந்து உங்களுக்கே திரும்பி வரும். கொனோரியா, கிளமிடியா என்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட்.

எச்.ஐ.வி. என்றால் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து இலவசம், பெரும்பாலோருக்குத் தினம் ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, வைரஸ் டெஸ்டில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், உறவின் வழியாக அடுத்தவருக்குப் பரவாது. கல்யாணமும் குழந்தையும் முடியும்.

மனைவியிடம் சொல்லித்தான் ஆகணுமா?

அவருக்கும் தொற்றியிருக்க வாய்ப்பு இருந்தால், சொல்லாமல் சிகிச்சை கொடுக்க நேர்மையான வழி இல்லை. மாத்திரையைச் சத்து மாத்திரை என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு அலர்ஜி இருக்கலாம், கர்ப்பமாக இருக்கலாம். அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். தனியாகச் சொல்ல முடியாவிட்டால் ஆலோசகர் முன்னிலையில் சொல்லலாம், அவர்கள் அதற்குப் பழகியவர்கள். உங்கள் ரிசல்ட் வரும் வரைக்காவது ஆணுறை இல்லாமல் நெருங்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆணுறை இலவசமாகவே கிடைக்கும்.

கல்ஃப் வேலைக்கு மெடிக்கல் இருக்கிறது. பழைய சிபிலிஸ் அதில் தெரியுமா?

அந்த மெடிக்கலில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் பார்ப்பார்கள். குணமான பிறகும் டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே காட்டும். வி.டி.ஆர்.எல். அளவுதான் குறைந்துகொண்டு வரும். ஆகவே ஊசி போட்ட சீட்டு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த வி.டி.ஆர்.எல். அளவுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். மெடிக்கலுக்குச் சில மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, சிகிச்சை முடிந்ததாக எழுதி வாங்குங்கள். ஏஜென்டுக்குப் பணம் கொடுத்து ரிசல்டை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அங்கே போய் இறங்கியதும் மறுபடி எடுப்பார்கள்.

தேங்காப்பட்டணத்திலிருந்து நான்கு நாளில் கடலுக்குப் போகிறேன். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இப்போது என்ன செய்வது?

சீழோ புண்ணோ இருந்தால் இந்த நான்கு நாளுக்குள் காட்டி, மருந்து வாங்கிக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனையில் ஒரே காலையில் முடிகிற வேலை. விரை திடீரென்று வீங்கிக் கடுமையாக வலித்தால் போட்டில் ஏறவே வேண்டாம். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும், நடுக்கடலில் அதற்கு வழியில்லை.

அறிகுறி எதுவும் இல்லை, வெறும் சந்தேகம் மட்டும்தான், உறவு நடந்து 72 மணி நேரமும் தாண்டிவிட்டது என்றால் நிம்மதியாகப் போய் வாருங்கள். நீங்கள் கரைக்குத் திரும்பும்போது 45 நாள் ஆகியிருக்கும் அல்லது ஆகப்போகும். உறவு நடந்த தேதியைப் போனில் குறித்து வைத்துவிட்டு, வந்ததும் முதல் வாரத்திலேயே டெஸ்ட் எடுங்கள்.